ஹெல்மெட்டை விட்டுப்போன திருடன்

அத்தியாயம் ஐந்து

திருட்டுக் கொடுத்தவன் முகம் எப்படி இருக்கும் என்று லோவல் ஃபின்ச்சுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய அப்பா டாமராக் ஊரில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர். காணாமல்போன தன் ரம்பத்தை அந்தக் கடையிலேயே கண்டுபிடித்து, வாய்விட்டுச் சொல்ல முடியாமல், விலை கேட்டு, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு போன முகங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் லோவல்.

வெள்ளிக்கிழமை காலையில் துப்பறியும் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த ஆரின் சாட்டர்லியின் முகம் அந்த ரகத்தில் சேரவில்லை. பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் 'டாக்டர் இன்று வரமாட்டார்' என்ற பலகையைக் கண்டவன் முகம் மாதிரி இருந்தது.

"எல்லாம் போச்சுங்க" என்றார் ஆரின், காப்பியில் மறுபடியும் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக்கொண்டே.

மேசைக்கு அந்தப் பக்கம் லோவலின் முதலாளி வெர்னா டாலஃப்சன் சூரியகாந்தி விதையைக் கடித்தபடி அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். எரிந்துபோன வைக்கோல் கொட்டகை தானாக எரிந்ததா, கடன்காரன் தொல்லையால் எரிந்ததா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அதனால் யாராவது நஷ்டம் என்று சொன்னால் அவள் அவர்கள் வாயைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள்.

ஆரின் சொன்ன விஷயம் இது. டாமராக் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு மனைவி, ஒரு பிக்கப் வண்டி, ஓர் ஆபத்துக்கால மூட்டை என்று மூன்று உண்டு. மூன்றாவதைத்தான் ஒழுங்காகக் கவனிப்பான். என்றைக்காவது ஒருநாள் மின்சாரம் ஒரேயடியாகப் போகும், பாங்க் கதவு சாத்தும், நெடுஞ்சாலை அடைத்துக்கொள்ளும். அன்றைக்குக் கவசச் சட்டையை மாட்டி, இடுப்புப் பட்டையைப் பூட்டி, ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைமேல் இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குப் போய்விடவேண்டும். அங்கே பள்ளத்தாக்குக் காவல் குழுவின் உறுப்பினர்களுக்கெல்லாம் கட்டில் போட்டு வைத்திருக்கிறது. ஆரினுக்கும் அவர் மனைவி லெட்டிக்கும் ஒதுக்கியிருப்பது அடுப்புக்குப் பக்கத்துக் கீழ்க் கட்டில். சுரங்கத்திலேயே நல்ல இடம்.

ஒவ்வொரு அக்டோபரிலும், பனி விழுவதற்கு முன்னால் குழு கூடும். இத்தனை வருஷமும் கவசத்தை உறையோடு கொண்டுவந்து காட்டினால் போதும். இந்த வருஷம் குழுத் தலைவர் கர்னல் வெண்டல் ஸ்ட்ரூப் புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தார். எல்லாரும் எல்லாவற்றையும் உடம்பில் போட்டுக்கொண்டு சுரங்கம் வரைக்கும் நடக்கவேண்டும், ஒரு பூட்டு பூட்டாமல் தொங்கினாலும் கட்டில் பறிபோகும். ஸ்ட்ரூப் எந்தப் பட்டாளத்திலும் இருந்தவரில்லை. கர்னல் என்பது அவராகவே வைத்துக்கொண்டது. அணிவகுப்பு நாளை மதியம். இந்த நேரம் பார்த்து, நிலவறையில் பூட்டி வைத்திருந்த ஆரினின் கவசம் களவு போய்விட்டது.

வேறு வழியே இல்லையா என்று வெர்னா கேட்டாள். ஒரு வழி உண்டு என்றார் ஆரின், கொஞ்சம் வேகமாகவே. சாமான் களவு போனவனுக்கு ஒரு வருஷம் தவணை தருவார்கள். அதற்கு லைசென்ஸ் உள்ள துப்பறிவாளர் கையெழுத்துப் போட்டு எழுதித் தரவேண்டும். ஷெரிஃப் எழுதித் தந்தால் செல்லாது, ஏனென்றால் ஷெரிஃபிடம் சொன்னால் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது சர்க்காருக்குத் தெரிந்துவிடும்.

"நீங்க கண்டுபிடிக்கலேன்னாலும் பரவாயில்ல. தேடினோம், கெடைக்கலன்னு ஒரு கடுதாசி கொடுத்தா போதும். அதுல ட்வைட் பர்செல் மேல சந்தேகம்னு ஒரு வரி சேத்துக்கிட்டா இன்னும் நல்லது. எங்க மேல் கட்டில்காரன் அவன். கீழ்க் கட்டில் மேல அவனுக்கு ரொம்ப நாளா கண்ணு."

"கெடைக்கலன்னு எழுதறதுல எங்களுக்கு நல்ல பழக்கம் சார்" என்றான் லோவல்.

வெர்னா விதைத் தோலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "முதல்ல எடத்தைப் பாப்போம்."

சாட்டர்லி வீட்டு சமையலறையில் லெட்டி அவர்களுக்கு ஓட்ஸ் பிஸ்கட் கொடுத்தாள். குள்ளமான, சிவந்த கன்னமுள்ள பெண். முட்டிவலிக்காரி. தட்டை நீட்டுகிறபோது யார் முகத்தையும் பார்க்காமல் வெர்னாவின் ஷூவை மட்டும் பார்த்தாள். லோவல் இரண்டு பிஸ்கட்டைக் கையிலும் ஒன்றை வாயிலும் வைத்துக்கொண்டான்.

நிலவறைக்குப் போகும் முன்னால் இரண்டு பேர் கண்ணையும் ஆரின் துணியால் கட்டினார். சாமான் வைத்திருக்கும் இடம் வெளியாளுக்குத் தெரியக்கூடாதாம். அந்த இடம் அதே சமையலறைக்கு நேர் கீழே இருந்தது.

"தலையக் குனிஞ்சு வாங்க" என்று ஆரின் சொன்னபோது லோவல் ஏற்கெனவே உத்தரத்தில் இடித்துக்கொண்டுவிட்டான்.

"இப்ப நான் எங்க இருக்கேன்னு எனக்கே ஞாபகமில்ல சார். ரகசியம் பத்திரமா இருக்கு."

கட்டை அவிழ்த்தார்கள். கம்பிக் கூண்டு போட்ட அறை. கோயில் கருவறை மாதிரி அவ்வளவு சுத்தம். ஈரம் ஏறாமல் இருக்கத் தரையிலிருந்து முழ உயரத்தில் அலமாரித் தட்டுகள். டார்ச் ஒரு பக்கம், அதன் பாட்டரி வேறொரு பக்கம், ஒன்றாக வைத்தால் கசிந்து கெட்டுவிடும் என்று. பூட்ஸுக்குள்ளேயே சுருட்டி வைத்த காலுறை. எந்தக் கை அடிபட்டாலும் மற்றது எட்டிப் பிடிக்கிற மாதிரி கோத்து வைத்த முதலுதவிப் பை. அத்தனையும் பச்சை, இல்லாவிட்டால் மண் நிறம். ஒரு பக்கம் ஓட்ஸ், அரிசி, பீன்ஸ் என்று எழுதிய மூடி போட்ட வாளிகள் அடுக்கியிருந்தன. உலகம் முடிகிற அன்றைக்குத்தான் அவற்றைத் திறக்கவேண்டும்.

பூட்டு உடையவில்லை. கம்பி வளையவில்லை. கைதேர்ந்த திருடன் வேலை என்றார் ஆரின். சாவி எங்கே இருக்கிறது என்பது லெட்டிக்குக்கூடத் தெரியாதாம். கடைசி ஓட்ஸ் வாளிக்குள் ஆழமாகப் புதைத்து வைத்திருந்தாராம். அந்த வாளியை யார் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டார்.

லோவலின் வாயிலிருந்த பிஸ்கட் பாதியில் நின்றது. வெர்னா அவன் காலை மிதித்தாள். அவன் மிச்சத்தையும் மென்று விழுங்கினான். நன்றாகவே இருந்தது.

காணாமல்போனது கவசச் சட்டையும் இடுப்புப் பட்டையும் மட்டும். ரேடியோ இருந்தது. இருட்டில் பார்க்கிற கண்ணாடி இருந்தது. வெள்ளி நாணயம் போட்ட டப்பா இருந்தது. புத்தம்புது ஹெல்மெட் ஆணியில் அப்படியே தொங்கியது.

"பெரிய மனசுக்காரத் திருடன்" என்றான் லோவல்.

அலமாரித் தட்டில், காற்றை உறிஞ்சி ஒட்டுகிற கனத்த பிளாஸ்டிக் உறை மட்டும் வெட்டிக் கிடந்தது. வெர்னா அதை எடுத்துப் புரட்டிக்கொண்டே, கடைசியாக இதை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டாள். திறக்கவே இல்லை என்றார் ஆரின். பத்து வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கோத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு ஒட்டியது. குழுவில் எல்லாருமே அப்படித்தான். வருஷா வருஷம் எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். கல் மாதிரி இருந்தால் காற்றுப் புகவில்லை என்று அர்த்தம், திரும்ப வைத்துவிடுவார்கள். ஒட்டியதை யாராவது பிரிப்பார்களா?

அப்படிச் சொல்லும்போது அவர் வாளிப் பக்கம் பார்த்தார். வெர்னா உறையின் வாயைப் பார்த்தாள். அங்கே ஒட்டிய தடம் இரண்டு இருந்தது. ஒன்று மெஷின் போட்ட நேர்க்கோடு. இன்னொன்று கோணல்மாணலாக, துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த அடையாளத்தோடு.

வெர்னா உறையைத் தட்டிலேயே வைத்தாள். ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டுக்குள் கையை விட்டாள். உள்ளேயிருந்து நீளமாக ஒரு கம்பளி நூல் வந்தது. ரோஸ் கலர். பச்சையும் மண் நிறமுமாக இருந்த அந்த அறையில் அது பந்தியில் வந்து உட்கார்ந்த நாய்க்குட்டி மாதிரி இருந்தது. நூலில் இரண்டு முடிச்சு, நடுவே ஒரு சாண் இடைவெளி.

"திருடன் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே வந்திருக்கான்" என்றான் லோவல்.

அடுத்தபடி வெர்னா செய்த காரியம் அவனைத் திகைக்க வைத்தது. அவளிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் யாருக்கும் கைகூடக் கொடுத்து அவன் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கே தலையைத்தான் ஆட்டுவாள். அப்படிப்பட்டவள் நேராக ஆரினிடம் போனாள், "பாவம், எவ்வளவு பெரிய இழப்பு" என்றாள், அவர் வயிற்றைச் சுற்றி இரண்டு கையையும் போட்டு இறுகக் கட்டிக்கொண்டாள்.

ஆரினுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உத்தரத்தைப் பார்த்தார். லோவல் மட்டும் பின்னாலிருந்து பார்த்தான். அவர் முதுகுக்குப் பின்னால் வெர்னாவின் விரல்கள் ரோஸ் நூலின் நுனியைத் தூர இருந்த முடிச்சோடு சேர்த்துப் பிடித்திருந்தன. ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை, குறைவுமில்லை.

வண்டியில் ஏறியதும் அவள் கேட்டாள். "திருடன் ஹெல்மெட்டை ஏன் விட்டுட்டுப் போனான்?"

"தலையில்லாத திருடனா இருக்கும்."

"நீ சேந்த அன்னைக்கு வாங்கின உன் பெல்ட் இப்ப எந்த ஓட்டையில நிக்குது?"

லோவல் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். அவள் விடவில்லை. "தொப்பி?"

"அதே தொப்பிதான் மேடம்."

"தலை பெருக்கறதில்லடா. கித்தானையும் தோலையும் கனமா தைக்கறவங்க இந்த ஊர்ல யாரு?"

ஒரே ஒரு ஆள்தான். குதிரைச் சேணம் தைக்கும் ஜோலீன் பேர்ட்ஸால். அவள் கடை தோலும் எண்ணெயும் மணக்கும். ஜோலீனுக்கு முழங்கை வரை ஆண்பிள்ளைக் கை, கழுத்துக்கு மேல் வியாபாரிக் கண். வெர்னா விஷயத்தைச் சொல்லிக் கேட்டாள். கவசமா, அப்படி ஒன்றைத் தன் ஆயுளில் பார்த்ததே இல்லை என்று ஜோலீன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். பின்கட்டை மறைத்து ஒரு கம்பளித் திரை தொங்கியது. அவள் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

இங்கேதான் லோவலுக்கு அப்பாவின் கடை கைகொடுத்தது. சரக்கு இல்லை என்கிறவனிடம் சரக்கைக் கேட்கக்கூடாது, உன் சங்கடத்தைச் சொல் என்பார் அவர். லோவல் குரலைத் தாழ்த்தினான். வெர்னா காதில் விழாதபடி சொல்வது மாதிரி, அவள் காதில் நன்றாக விழும்படி சொன்னான். உண்மையில் தனக்காகத்தான் வந்ததாம். தன்னிடமும் ஒரு கவசம் இருக்கிறதாம், போனவாரம் போட்டுப் பார்த்தால் பக்கப் பட்டை சேரவே இல்லையாம். அவமானம் தாங்காமல் திருட்டுக் கேஸ் என்று கதை கட்டினோம் என்றான்.

வெர்னா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இவனை எங்க கூட்டிட்டுப் போனாலும் எனக்குக் கேவலம்" என்றாள்.

ஜோலீனின் முகம் இளகிவிட்டது. மேசையைச் சுற்றி வந்து லோவலின் வயிற்றில், பூசணிக்காய் பார்க்கிறவள் மாதிரி, இரண்டு தட்டு தட்டினாள்.

"இதுக்கா இவ்வளவு வெக்கம்? இது ஒரு வயிறா? உள்ள வந்து பாரு ராசா, ஆம்பளைங்க வயிறுன்னா என்னன்னு காட்டறேன்."

சொல்லிக்கொண்டே மேசை டிராயரிலிருந்து அவனை அளப்பதற்கு ஒரு கம்பளி நூலை எடுத்தாள். ரோஸ் கலர். உருண்டை உருண்டையாக இன்னும் கிடந்தது உள்ளே. தகர டேப் சில்லென்று பட்டால் தூங்குகிற புருஷன் முழித்துக்கொள்வானாம், கம்பளியென்றால் பூனை என்று நினைத்துப் புரண்டு படுத்துக்கொள்வானாம். அப்புறம் திரையை விலக்கினாள்.

பின்கட்டில் கயிறு கட்டி, வரிசையாகக் கவசங்கள் தொங்கின. பச்சை, மண் நிறம், புள்ளி போட்டது. எல்லாவற்றுக்கும் இரண்டு விலாவிலும் புதுப் பட்டி வைத்துத் தைத்து, நிறம் பழசோடு பழசாகப் போகும்படி தேயிலைத் தண்ணீரில் நனைத்து வாட்டியிருந்தாள். பள்ளத்தாக்குக் காவல் குழுவே தலையும் காலும் இல்லாமல் அங்கே தொங்கியது. ஒருத்தன் மூட்டை எங்கே இருக்கிறதென்று இன்னொருத்தனுக்குச் சொல்லாமல் பத்து வருஷம் காப்பாற்றிய ரகசியம், ஒரே துணிக்கயிற்றில்.

பேர் எழுதக்கூடாது என்று ஒவ்வொரு மனைவியும் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் ஜோலீன், அவரவர் கூலியோடு சேர்த்துக் கொண்டுவந்து தந்த பலகாரத்தின் பேரை எழுதித் தொங்கவிட்டிருந்தாள். 'ஓட்ஸ் பிஸ்கட்' என்ற சீட்டை வெர்னா உடனே பிடித்துவிட்டாள். பக்கத்தில், பூசணிக்காயை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பூசணிப் பை' என்ற பலகாரத்தின் பேரோடு தொங்கியது ட்வைட் பர்செலுடையதாம். சுவரோரமாகத் தனியாக, வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் கூடாரமாக அடிக்கலாம் போல ஒன்று தொங்கியது. நெஞ்சில் தங்க நூலில் 'கர்னல்' என்று பூவேலை. அதற்கு எந்தப் பேரை எழுதி என்ன பயன் என்று ஜோலீன் சீட்டே மாட்டவில்லை.

"உத்தரவு போட்டுட்டு வீட்டுக்குப் போய்த்தான் மனுசன் போட்டுப் பாத்திருக்கார்" என்றாள்.

கடைக் கதவின் மணி அடித்தது. லெட்டி. கவசத்தை வாங்கிப்போக வந்தவள், வெர்னாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஓடிப்போக முட்டி விடவில்லை. சேணம் வைக்கும் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஓட்ஸைத்தான் பல வருஷமாகக் காலையில் கிளறிப் போடுகிறாளாம், தீரத்தீர மார்க்கெட்டில் வாங்கி நிரப்பிவிடுவாளாம், சாவி கரண்டியில் வந்தது முதல் வருஷமே. புது உத்தரவு வந்த அன்று ராத்திரி ஆரின் முகம் செத்துப்போயிற்று. மறுநாளிலிருந்து சூப்பைத் தவிர எதையும் தொடவில்லை. காரணம் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. தூங்கும்போது நூலால் அவரையும் அப்புறம் கவசத்தையும் அளந்து முடிச்சுப் போட்டாள், ஒரு சாண் குறைகிறதென்று தெரிந்ததும், நூலை ஹெல்மெட்டுக்குள் மறந்துவிட்டு, கவசத்தை இங்கே தூக்கி வந்துவிட்டாள்.

"கீழ்க் கட்டில் போச்சுன்னா எனக்கு மேல ஏற முடியாது வெர்னா. அதைவிட, ஊர் முன்னால அவருக்குப் பட்டை சேராம நின்னா அவர் அப்புறம் வீட்டை விட்டு வெளியவே வரமாட்டார். என் வேலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வெர்னா கவசத்தை மடித்து லோவல் கையில் கொடுத்தாள். "திருடன் பயந்து போட்டுட்டு ஓடிட்டான். அவ்வளவுதானே."

சாயங்காலம் சாட்டர்லி வீட்டுக் கொட்டகை வாசலில் அதை ஆரின் முன்னால் வைத்தபோது, டாக்டர் திடீரென்று வந்துவிட்டார், நாற்காலியும் காலி, வாயைத் திற என்றது போல ஆயிற்று அவருக்கு. முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கியது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா" என்றார்.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றான் லோவல். "இனிமே நடக்காம பாத்துக்கறோம்."

வெர்னா ஒரு விதையைக் கடித்தாள். இஸ்திரிப் பெட்டி யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

ஆரின் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். உண்மை மெல்ல மெல்ல வந்தது. உத்தரவு வந்த மறுநாள், லெட்டி சர்ச்சுக்குப் போன சமயம் பார்த்து உறையை வெட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். தலை வழியாக இறங்கியது, வயிற்றில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு கையும் தூக்கியபடி, சரணடைந்தவன் மாதிரி, கூண்டுக்குள் அத்தனை நேரம் நின்றிருக்கிறார். லெட்டி திரும்பி வந்து மேலே சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள், இவரால் பதில் சொல்ல மூச்சு இல்லை. எப்படியோ கழற்றி, இஸ்திரி போட்டு ஒட்டி வைத்துவிட்டு, அன்றிலிருந்து சூப். பிறகு ஒருநாள் பார்த்தால் கவசத்தையே காணோம். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லையாம். அன்று மத்தியானமே கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாராம்.

"அப்ப எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றான் லோவல்.

ஆரின் தலையைக் குனிந்துகொண்டார். "எதையுமே கண்டுபிடிக்காத துப்பறியற ஆளு யாருன்னு முடிவெட்டற கடையில விசாரிச்சேன். ஒருத்தர் விடாம உங்க பேரைத்தான் சொன்னாங்க."

லோவல் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். அவள் வாயில் இருந்த விதை கடிபடாமலே இருந்தது.

"போடுங்க" என்றாள் வெர்னா.

"சேராதுங்க. உங்க முன்னால வேண்டாம்."

"என்னைக் கட்டிப்பிடிக்க விட்டீங்கல்ல? இதுல என்ன வெக்கம். போடுங்க."

ஆரின் கண்ணை மூடிக்கொண்டு தலையை நுழைத்தார். மூச்சை உள்ளே இழுத்தார், வயிற்றை எக்கினார். கவசம் மழைத் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. இடது பூட்டு 'டக்'. வலது பூட்டு 'டக்'. எக்கிய வயிற்றை மெதுவாக, நம்பிக்கையில்லாமல், விட்டுப் பார்த்தார். அதற்கும் இடம் இருந்தது.

"சூப்பு" என்றார் ஆரின். "சூப்பு வேலை செஞ்சிருச்சு."

லோவல் வாயைத் திறந்தான். இந்தத் தடவை வெர்னா இரண்டு காலையும் மிதித்தாள்.

சனிக்கிழமை மதியம் ஊர் மன்றத்து மைதானத்தில் குழு கூடியது. மனைவிமார் ஒரு பக்கம் பலகார மேசைகளுக்குப் பின்னால் நின்றார்கள். கர்னல் ஊதல் ஊதினார். ஆண்கள் எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டு கவசத்தைத் தலையில் மாட்டினார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். மைதானம் முழுக்க 'டக் டக்' என்று பூட்டு விழுந்தது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். ஒவ்வொருவன் முகத்திலும் ஒரு பெருமை மலர்ந்தது. பக்கத்தில் நின்றவனைக் கடைக்கண்ணால் பார்த்தபோது மட்டும் அதே முகத்தில் ஒரு வியப்பு. இவனுக்கு எப்படிச் சேர்ந்தது?

ட்வைட் பர்செல் வந்து ஆரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எப்படி உடம்பை இப்படிக் கட்டா வச்சிருக்கே?" ஆரின் கொஞ்சம் யோசித்துவிட்டு, சூப் என்றார். ட்வைட் அதை ரகசியமாக வாங்கிக்கொண்டான்.

குழு மலையேறிப் போய்ச் சுரங்கத்தைத் தொட்டுத் திரும்பியது. ஒரு கட்டிலும் பறிபோகவில்லை. கர்னல் பலகைமேல் ஏறி, கண் கலங்கப் பேசினார். பத்து வருஷத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆண்பிள்ளையின் இடுப்பும் ஓர் அங்குலம் மாறவில்லை, இதுதான் ஒழுக்கம், நாட்டில் வேறெங்கே காட்டமுடியும் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. ஜோலீனாக இருக்கும்.

பேச்சு முடிந்ததும் பலகார மேசைக்குக் கூட்டம் பாய்ந்தது. சுரங்கம் வரை போய்வந்த பசி, மேலும் இனி சூப் தேவையில்லை. ஆரின் பூசணிப் பையில் இரண்டாம் துண்டை முடித்துவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

"இந்த வேகத்துல போனா..." என்று லோவல் ஆரம்பித்தான்.

லெட்டி நொண்டிக்கொண்டே வந்தாள். கீழ்க் கட்டில் நிலைத்ததே என்று புருஷனைச் சுற்றி இரண்டு கையையும் போட்டுக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவேயில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் அவள் விரல்களில் ரோஸ் நூல் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக ஒரு புது முடிச்சைப் போட்டன.

லோவல் திரும்பி மைதானத்தைப் பார்த்தான். பர்செலின் மனைவி ட்வைட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இன்னொருத்தி. வேலி ஓரத்தில் இன்னும் இரண்டு பேர். கர்னலின் மனைவிக்குக் கை எட்டாததால், பின்பக்கம் நின்று நூலைப் பிடித்துக்கொள்ள ஜோலீன் உதவிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பாசமான ஊர் மேடம்" என்றான் லோவல்.

வெர்னா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் தட்டில் இருந்த பூசணிப் பைத் துண்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.